ஒரு வரிக்கு மட்டும் வெளிச்சம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாரி தொடங்கிய நேரம். சண்டையால் மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து மானிப்பாய்ப் பக்கம் ஓர் உறவினர் வீட்டில் இருந்தோம். மூத்த மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். ஒரு தேவாரத்தை இரண்டு தரம் கேட்டால் போதும், பாடிவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால்தான் பிரச்சினை. முதல் வரியில் தொடங்கி மூன்றாம் வரிக்குத் தாவுவாள். மேல்வரிச் சொல்லின் தலையையும் கீழ்வரிச் சொல்லின் வாலையும் ஒட்டி வாசிப்பாள். வீட்டிலும் அப்படித்தான். சாமான் நிறைந்த அலுமாரித் தட்டில் இருந்து சீப்பை எடுத்துவரச் சொன்னால், சீப்பு கண்முன்னே கிடக்க, "இல்லையம்மா" என்பாள். சோம்பலா, பிடிவாதமா, கண் தெரியவில்லையா? எனக்கு எதுவும் பிடிபடவில்லை. "கண் தெரியேல்லையோ?" என்று ஏசுவேன். ஏசிவிட்டு, உண்மையாகவே தெரியவில்லையோ என்று பயப்படுவேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து ரீச்சர் கூப்பிட்டார்.

"நல்ல பிள்ளை. ஆனா வாசிக்கத் தெரியாமல் மூண்டாம் வகுப்புக்கு ஏத்தினா அங்கை போய் அந்தரப்படும். இன்னொரு வருஷம் இதிலையே விடுவம். இந்தப் பள்ளித் தவணை முடியமுன்னம் யோசிச்சுச் சொல்லுங்கோ."

கண் டொக்டரிடம் ஓடினேன். அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றுகூடப் பிழைக்காமல் சொன்னாள்.

"கண் நல்லாயிருக்கு, கண்ணாடி தேவையில்லை" என்றார். "கண் பாக்கிறதைப் பிரிச்சு விளங்கிறது மூளை. சில பிள்ளையளுக்கு அந்த இடத்திலை சிக்கல். கனக்கக் கிடந்தா எல்லாம் ஒண்டாக் குழம்பும். அது புத்திக் குறைவில்லை."

அவர் சொன்னதில் 'மூளை' என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. சைக்கிள் மிதித்து வந்த வழியெல்லாம் அதே சொல். கண்ணில் பிழை இருந்திருந்தால் கண்ணாடியோடு முடிந்திருக்குமே என்றுகூட நினைத்தேன். பெற்றவள் அப்படி நினைக்கலாமா என்று அதற்கும் அழுதேன்.

மின்சாரம் இல்லாத காலம். பொழுதுபட்டால் ஜாம் போத்தலில் பஞ்சு போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிப்போம். அன்று பின்னேரம் குண்டு போடும் விமானம் சுற்றிவிட்டுப் போயிருந்தது. வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று என் கணவர் ஒரு பால்மா ரின்னின் தகரப் பக்கத்தில் குறுக்கே ஒரு கீறு வெட்டி, காற்றுக்கு மேலே ஓட்டை போட்டு, விளக்குக்கு மேல் கவிழ்த்துவிட்டார். மகள் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு விளக்கடியில் இருந்தாள். நான் தேங்காய் துருவப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசிக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஆனால் ஒரு வரிகூடத் தாவாமல். எழும்பிப் போய்ப் பார்த்தேன். கீறின் வழியாக வந்த வெளிச்சம் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடாக விழுந்திருந்தது. ஒரு வரி, மிஞ்சினால் ஒன்றரை வரி. அதை வாசித்து முடித்ததும் புத்தகத்தைச் சற்று மேலே தூக்கி அடுத்த வரியை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தாள்.

மனப்பாடமாக்கி வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சீனி சுற்றி வந்த பழைய பத்திரிகைத் துண்டைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி அதையும் வாசித்தாள்.

"எப்பிடிப் பிள்ளை இப்ப வாசிக்கிறாய்?"

"மற்ற வரியெல்லாம் நித்திரை அம்மா. இது ஒண்டுதான் முழிச்சிருக்கு."

"எங்கடை பிள்ளை ஆந்தையப்பா, இருட்டிலைதான் கண் தெரியுது" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் முற்றத்து வெயிலில் அதே பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். பழையபடி எல்லாம் குழம்பியது. வெளிச்சத்தில் தெரியாதது இருட்டில் எப்படித் தெரியும்? நடிக்கிறாளோ என்றும் ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன்.

பிறகு, மற்ற வரியெல்லாம் நித்திரை என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய கலியாண அழைப்பிதழ் அட்டை ஒன்றை எடுத்து, ஒரு வரி தெரியும் அளவுக்கு நடுவில் வெட்டிப் பக்கத்தின் மேல் வைத்தேன். அந்த வெயிலிலேயே வாசித்தாள். டொக்டர் சொன்ன மற்றவையெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக என் காதுக்கு வந்தன.

அட்டையோடு பள்ளிக்கூடம் போனேன். அதைப் புத்தகத்தின் மேல் வைத்துக் காட்டினேன்.

"இதென்ன, புத்தகத்துக்கு முக்காடோ?" என்றார் ரீச்சர். ஆனாலும் இன்னும் படிப்பிக்காத பாடம் ஒன்றை விரித்து வைத்தார். மகள் அட்டையை வைத்து வாசித்தாள். ரீச்சர் அட்டையை எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னார், குழம்பினாள். திரும்ப வைத்தார், வாசித்தாள். ரீச்சர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் விளங்கேல்லை. ஆனா பிள்ளை வாசிக்குது. ஏத்துவம்."

இப்போது நான்காம் வகுப்பு. அட்டைகள் தேய்ந்து மாறிக்கொண்டிருக்கின்றன. கரும்பலகை இன்னும் அவளுக்கு வசப்படவில்லை. கணக்குகளும் நெருக்கமாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுகின்றன. அந்த டொக்டர் இப்போது இங்கே இல்லை. அட்டையைக் கொடுத்துப் பழக்கியது சரியா, பின்னுக்கு அது இல்லாமல் என்ன செய்வாள் என்று கேட்க எனக்கு ஆளில்லை. இன்றும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் சீப்பைத் தேடி அவள் தட்டின் முன்னால் நிற்கும்போது, கண் தெரியவில்லையா என்று நான் இப்போது கேட்பதில்லை. பக்கத்தில் போய், மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவள் காணும்வரை காத்திருக்கிறேன்.