புளி உருண்டையும் அபினும்

எனக்குச் சரியாக எழுத வராது, மறதி வேறு, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மருமகள் ரசத்துக்குப் புளி உருட்டியதைப் பார்த்ததும் அம்மாவின் அபின் உருண்டை நினைவுக்கு வந்தது.

அப்பா பட்டுச்சேலை நெய்வார். அம்மா தறியில் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். பல்வலிக்கென்று தொடங்கிய அபின் அவளை விடவில்லை.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா, மிளகளவு வாங்கினு வா," என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானே அபின் கடையில் வாங்கி வருவேன்; அப்போது அதற்கும் கடை இருந்தது.

ஒரு நாள் தறியிலேயே அவளுக்குக் கண் சொக்கிவிட்டது. நாலு விரல் அளவுக்குக் கரை சேலையோடு சேராமல் பிளந்து நின்றது.

"தூங்கினு இருக்கிறியாடி? கல்யாணச் சேலைடி இது!" என்று அப்பா கத்தினார்.

மறுநாள் என் சிலேட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவள் இடத்தில் என்னை உட்காரவைத்தார். நான் அழுதேன்.

"அழாதம்மா. இனிமே நான் நிம்மதியா படுத்துக்கினு இருப்பேன்," என்று அம்மா சிரித்தாள்.

அன்றோடு பள்ளிக்கூடம் நின்றபோது நான் படித்தது மூன்றாம் வகுப்பா, நான்காம் வகுப்பா? பள்ளிப் பதிவேட்டில் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.