கிச்சாவின் கம்பமும் நான் போட்ட வடக்கும்

கிச்சாவுக்கு நான் இருபத்தெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஒன்பது வருஷம் கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளத்தில் என் ஆட்கள் பதினோரு பேர் கோட்டூர்புரத்தில் பாதி கட்டின கட்டடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். படகுக்காரன் ரொக்கம் வைத்தால்தான் துடுப்பைத் தொடுவேன் என்றான். ஏ.டி.எம். எல்லாம் செத்துக் கிடந்தது. ஒன்பது கட்டடம் எழுப்பின இந்தச் சண்முகசுந்தரம் சட்டைப்பையில் அன்று நானூறு ரூபாய். அப்போது கீழ்வீட்டுக் கிச்சா, முந்தின நாள் எடுத்து வந்த பென்ஷனையும் வீட்டில் இருந்ததையும் சேர்த்து என் கையில் வைத்தார். தண்ணீர் வடிந்ததும் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இருக்கட்டும் அண்ணாச்சி. மாடியில ஆன்டெனா போட்டு, அதுல ஒரு குரல் கேக்கட்டும். அன்னிக்கு வாங்கிக்கறேன்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நான் ஏழாம் கிளாஸ். திசையன்விளையிலிருந்து பதினாலு வயதில் வந்தவன். தி.நகர் பாத்திரக்கடையில் மூட்டை தூக்கினேன், பிறகு கம்பி வியாபாரம், பிறகு கட்டடம். ஒருத்தன் எனக்கு ஒரு செங்கல் எடுத்துத் தந்ததில்லை. மந்தைவெளியில் நானும் கிச்சாவும் குடியிருக்கும் இந்தப் பன்னிரண்டு வீட்டுக் கட்டடமும் நான் கட்டியதுதான். இருபது வருஷத்தில் ஒரு சுவர் விரிசல் விட்டதா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

கிச்சா டெலிபோன் ஆபீஸில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். சர்க்கார் பரீட்சை எழுதி ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்கியவர். காலணா வருமானம் இல்லாத காரியத்துக்குப் பரீட்சை எழுதின ஆளை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை. வானத்தில் சுற்றும் சின்னச் சின்ன செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் பத்து நிமிஷம் கடந்து போகும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அதன் பக்கம் ஆன்டெனாவைக் காட்டிக்கொண்டே பேசினால், மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவன் பதில் சொல்வான். முன்பெல்லாம் மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவார். மனைவி கோமளம் கூடப் போவார். இவர் வானத்தைப் பார்த்துச் சுற்ற, அந்தம்மா மணலில் உட்கார்ந்து, யார் பேசினார், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுவார். நோட்டு பதினேழு சேர்ந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் கோமளத்துக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. கடற்கரையும் நின்றது. பழைய ஆன்டெனா துருப்பிடித்துப் போய்விட்டது. மறுபடி ஆரம்பிப்பது என்றால் இரண்டு வழி. மறுபடியும் கையில் பிடிக்கிறதை வாங்கினால் பதினைந்தாயிரத்தோடு முடியும். ஆனால் மாடிக்கோ கடற்கரைக்கோ போக வேண்டும். அந்தம்மா கட்டிலில் தனியாகக் கிடக்க வேண்டும். வீட்டிலேயே நிலையம் என்றால் மாடியில் கம்பம், ஆன்டெனாவைத் தானே திருப்புகிற மோட்டார், கம்ப்யூட்டர் என்று எண்பதாயிரம் ஆகும். ஆனால் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசலாம்.

"அவ எழுதணும் அண்ணாச்சி. வலது கை நன்னாத்தானே இருக்கு" என்றார் கிச்சா. அதற்காகத்தான் எண்பதாயிரம்.

மொட்டைமாடி சங்கத்துக்குச் சொந்தம். சங்கச் செயலாளர் மகேஷ், பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், கூட்டத்தில் எழுந்தான். "அங்கிள், ரேடியேஷன். குழந்தைங்க இருக்கிற பில்டிங்."

"பக்கத்துக் கட்டடத்து செல்போன் டவர் உன் படுக்கையறையை எட்டிப் பார்க்குதே, அதுல என்னடே வருது, பன்னீரா?" என்றேன்.

"அது லீகல் அங்கிள்."

"இதுக்கும் லைசென்ஸ் இருக்கு."

வடகம் காயவைக்க இடம் போய்விடும் என்றார் ஒரு அம்மாள். அவர் வடகம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசியில் மூன்று மாதம் சோதனைக்கு விட்டார்கள். பிரயோஜனம் இல்லையென்றால் கம்பத்தைக் கழற்றிவிட வேண்டும்.

கம்பம் நட்ட அன்று கிச்சா திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். ஸ்லாபுக்குள் கம்பி, பக்கத்தில் டவர், இரும்பு ஏணி. முள் இடத்துக்கு இடம் வேறு வேறு பக்கம் காட்டியது. மாடித் தரையில் நான் பதித்த கருங்கல்லில் வடக்கு என்று அம்புக்குறி செதுக்கியிருக்கிறது. "வடக்கு இன்னும் இடது பக்கம் இருக்கணுமோன்னு தோண்றது. இது சரிதானே அண்ணாச்சி?" என்று கேட்டார். மகேஷ் பக்கத்திலேயே நின்றான்.

"நான் கட்டின கட்டடம் வேய். கண்ணை மூடிக்கிட்டு நம்பும்" என்றேன்.

நம்பினார். மோட்டாருக்கு அந்த அம்பையே வடக்கு என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு மாதம் பத்து நாள், கரகர சத்தம் மட்டும்தான். செயற்கைக்கோள் ஒரு பக்கம் போகும், ஆன்டெனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். கிச்சா கேபிளை மாற்றினார், பெட்டியைப் பிரித்தார், தன் கையையே சந்தேகப்பட்டார். கோமளம் பதினெட்டாவது நோட்டில் தேதி மட்டும் போட்டு மூடி வைப்பார். "இன்னிக்கும் மழைச் சத்தம்தானா?" என்பார். மகேஷ் படியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன அங்கிள், செவ்வாய் கிரகம் லைன் கிடைச்சுதா?" என்பான்.

பிறகு ஒரு நாள் கிச்சா என் வீட்டுக்கு வந்து நின்றார். "அண்ணாச்சி, அந்தப் பணத்தைக் குடுத்துடுங்கோ. இதெல்லாத்தையும் வித்துட்டு, கையில பிடிக்கறதையே வாங்கிக்கறேன். வீட்டு வேலைக்கு வர முத்தம்மாவைச் சாயங்காலம் வந்து கோமளத்தைப் பாத்துக்கச் சொல்லியிருக்கேன். நான் பீச்சுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"அந்தம்மா என்ன சொல்லுது?"

"நோட்டைத் தலகாணிக்கு அடியில வச்சுட்டா."

என்மேல் எனக்கு வந்த அருவருப்பு, சாக்கடையில் கால் வைத்தால்கூட வந்திருக்காது. அந்த அம்புக்குறி பொய். இந்தக் கட்டடத்து வாசல் தென்கிழக்குப் பார்த்தது. தென்கிழக்கு வாசல் விலைபோகாது என்று வாஸ்துக்காரன் சொன்னான். கட்டடத்தைத் திருப்ப முடியாது, வடக்கைத் திருப்பினேன். நாற்பது டிகிரி. கிழக்குப் பார்த்த வீடு என்று சதுர அடிக்கு இருநூறு கூட்டி விற்றேன். சாமர்த்தியம் என்று இருபது வருஷம் மார்தட்டியிருக்கிறேன்.

"பணம் தர மாட்டேன்" என்றேன். "மாடிக்கு வாரும்."

எழுபது வயதில் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினேன். பின்னால் கிச்சா. அந்த உயரத்தில் நின்றால்தான் சுற்றியிருக்கும் மாடிகளுக்கு மேல் கபாலி கோயில் கோபுரம் தெரியும்.

"நம்ம தெருவுக்குக் கோயில் எந்தத் திசை?"

"நேர் வடக்கு."

"கீழே நம்ம அம்பைப் பாரும்."

பார்த்தார். அம்பையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணாச்சி, ரெண்டு மாசமா என் காதுதான் போயிடுத்துன்னு நினைச்சேன்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கீழே இறங்கிக் கம்பத்தின் திருகை நானே தளர்த்தி, மோட்டாரோடு இடது பக்கம் திருப்பினேன். சத்தம் கேட்டு வந்த மகேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ என் ஃபிளாட் கிழக்கு பாத்தது இல்லையா அங்கிள்?"

"இல்லை."

"மெதுவா பேசுங்க, யாருக்காவது கேக்கப்போவுது!"

அன்று சாயங்காலம் ஐந்து நாற்பத்திரண்டுக்குக் கட்டில் பக்கத்தில் பெட்டி பேசியது. இந்தோனேஷியாவிலிருந்து ஒருத்தர், கிச்சாவின் லைசென்ஸில் உள்ள அடையாள எழுத்துகளைத் திருப்பிச் சொன்னார். கிச்சா மைக்கைப் பிடித்தபடி கோமளத்தைத் திரும்பிப் பார்த்தார். "பேசுங்கோ, பேசுங்கோ, போயிடப்போறது!" என்று கோமளம் அதட்டினார். தலையணைக்கு அடியிலிருந்து நோட்டு வந்தது. பேர், நேரம், ஊர். எழுத்து கொஞ்சம் கோணல்தான்.

மறுநாள் அவசரக் கூட்டம். கூட்டி வாங்கின பணத்தைக் கேட்கிறவர்களுக்குத் திருப்பித் தருகிறேன் என்றேன். பதினோரு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர்கூடப் பணம் கேட்கவில்லை. பணத்தை வாங்கினால் வீடு தென்கிழக்காகிவிடும், நாளைக்கு விற்க முடியாது. அம்புக்குறியை அப்படியே வைத்து, புதுசாக வெள்ளை அடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கிச்சா வடக்கைப் பற்றி வெளியில் பேசக் கூடாது, அதற்குப் பதில் கம்பம் நிரந்தரமாக நிற்கலாமாம். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனால் முதலில் என்மேல் அல்லவா துப்ப வேண்டும்? நான் கையெழுத்துப் போடவில்லை.

"எனக்கு வடக்கு எதுன்னு தெரிஞ்சா போறும்" என்று சொல்லிக் கிச்சா கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். "குரல் கேட்டாச்சு. கையை நீட்டும்" என்றேன். வட்டி என்று வாயெடுத்ததும் கோமளம் கட்டிலிலிருந்து, "குடுத்த அளவு போறும் அண்ணாச்சி. இந்தத் தடவை நம்பச் சொல்லாம எண்ணிக் குடுங்கோ" என்றார்.

எண்ணினேன். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஒவ்வொன்றாக, வாய்விட்டு, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்தேன். ஐம்பத்தாறாவது நோட்டு விழுந்த பிறகுதான் கிச்சா விரல்களை மூடினார்.