மதினிக்குப் போட்ட ரீசார்ஜ்

"ஏத்தா, இல்லைன்னு சொல்லுது." அண்ணனின் அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தவன், நாக்பூருக்கு முன்னால் எங்கோ ரோட்டோரத்தில் லாரியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தான். நான் சிவகாசியில் வேலை பார்க்கும் அச்சாபீசில், பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன இல்ல? யாருண்ணே சொல்றா?" என்றேன். "உங்க மதினிக்குப் போன் போட்டா ஒரு பொம்பளைக் கொரலு இல்லை இல்லைன்னே சொல்லுது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிச்சிருச்சாமே..." பின்னால் வண்டிகள் இரைந்துகொண்டு போவது மட்டும் கேட்டது.

மதினி சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றுக்கு கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வந்தாள். வெடிமருந்து புழங்கும் இடம் என்பதால் உள்ளே செல்போன் கூடாது. காலையில் போனை அணைத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வெளியே வரும்போது வாங்கிக்கொள்வாள். பொத்தான் வைத்த பழைய போன் அது. அண்ணன் எந்த ஊரில் இருந்தாலும் அவள் வேலை விட்டு வரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான். அவள் தானாக யாரையும் கூப்பிட்டதில்லை. அன்று வேலை விடும் நேரத்தை ஒட்டி ஓர் ஆலையில் விபத்து. எந்த ஆலை என்று எங்கள் ஆபீசில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப் வழியாக அந்தச் செய்தி அண்ணனையும் எட்டியிருந்தது.

நானும் மதினிக்குப் போட்டுப் பார்த்தேன். 'நீங்கள் அழைக்கும் எண்ணுக்கு உள்வரும் அழைப்பு வசதி இல்லை' என்றது பதிவு செய்த குரல். ரீசார்ஜ் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று புரிந்தது. ரோட்டு இரைச்சலில் அண்ணனுக்குக் கடைசி வார்த்தை மட்டும் கேட்டிருக்கிறது. அவனிடம் அதைச் சொன்னேன். "சரித்தா, ஆனா ஆளு எங்க?" என்று கேட்டான். லேபிள்களை அப்படியே போட்டுவிட்டுச் சாத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

மதினி வீடு பூட்டிக் கிடந்தது. வேன் வந்து நிற்கும் முக்குக்கு ஓடினேன். அங்கே முன்னமே ஒரு கூட்டம் நின்றது. எல்லார் கையிலும் போன். எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்சுகள் போவதற்காக வழியில் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். இருட்டத் தொடங்கிய பிறகுதான் வேன் வந்தது. மதினி இறங்கினாள். புருவத்திலும் கையிலும் அலுமினியத் தூள் மினுமினுத்தது. என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, இந்நேரம் இங்கன நிக்க?" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுததில் அந்தத் தூள் என் சேலையெல்லாம் அப்பிக்கொண்டது. விபத்து நடந்தது வேறொரு ஆலையில். அங்கே இறந்தவர்களுக்கும் அன்று வீட்டிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்குக் கிடைத்த நிம்மதியைச் சத்தமாகச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

என் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். மதினி பேசினாள். "என்னங்க, நான்தான்... நான்தாங்க... அழுகாதீக. சாப்பிட்டீகளா?" அந்தப் பக்கம் அழுகை மட்டும்தான் கேட்டது. பிறகு என்னிடம் சொன்னாள்: "கேட்டுல போனு வாங்கி முழிச்சு முழிச்சுப் பாத்தேன் தாயி. அடிக்கவே இல்ல. டவர் இல்லாத காட்டுல போறாரு போலன்னு நெனச்சேன். வர்ற போனுக்கு எதுக்குக் காசு? கூப்பிடுறவுகதானே போடணும்?" ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் காலம் போய்விட்டதை யாரும் அவளுக்கு விளங்கும்படி சொல்லவில்லை. சிம்மை உயிரோடு வைத்திருக்கவே ரீசார்ஜ் வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரீசார்ஜ் கடைக்குப் போனோம். நெட்டோடு கூடிய பெரிய பிளானாகப் போடலாம், என் பழைய டச் போனைத் தருகிறேன், அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். மதினி சிரித்தாள். "இந்தக் கையோட அதைத் தொட்டா என்னத்துக்கு ஆகும்? எனக்கு அவுக சத்தம் கேட்டாப் போதும்." கடைக்கார பாய் அவசரப்படாத மனிதர். "எம்புட்டு நேரம் பேசுவீக? படம் கிடம் பாப்பீகளா?" என்று விசாரித்தார். "அவுக பேசுவாக, நான் கேட்டுக்கிடுவேன்" என்றாள் மதினி. மாதா மாதம் போடும் சின்னது ஒன்று, நெட்டோடு ஒன்று, நெட் இல்லாமல் பேசுவதற்கு மட்டும் பல மாதம் ஓடுவது ஒன்று என மூன்றையும் பாய் விளக்கினார். முதலில் கொடுக்கும்போது சின்னதுதான் மலிவாகத் தெரியும், ஆனால் ஒருதரம் மறந்தாலும் பழைய கதைதான் என்றார்.

பேசுவதற்கு மட்டுமான அந்தப் பிளானைப் பற்றி மதினி ஒன்றே ஒன்று கேட்டாள். "தீபாவளி வரைக்கும் தாங்குமா பாய்? அதுக்குள்ள அவுக ஊரு வந்துருவாக." தாங்கும் என்றார். முடிவதற்கு முன்னால் இங்கிலீஷில் மெசேஜ் வரும், எந்த மெசேஜ் வந்தாலும் கடைக்குக் கொண்டுவந்து காட்டுங்க என்றும் சொன்னார். ரீசார்ஜ் ஏறியதும் போனை அவளிடம் நீட்டி, "ஒரு கால் போட்டுப் பாருங்க" என்றார். மதினி தயங்கினாள். "இதுல நானும் கூப்பிடலாமா?" "என்னம்மா இப்படிக் கேக்குறீக? எம்புட்டு வேணும்னாலும் கூப்பிடலாம். அதுக்கும் சேத்துத்தான் இந்தப் பிளானு." அண்ணனின் எண் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்து அழுத்தினாள். அவன் எடுத்ததும் வெட்கத்தோடு எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள். "நான்தான்... இல்ல, ஒண்ணுமில்ல... சும்மாதான் கூப்பிட்டேன்."

அன்றிலிருந்து அவளே கூப்பிட ஆரம்பித்தாள். சாயங்காலம் கேட்டில் போனை வாங்கியதும் முதல் வேலை அதுதான். "வெளிய வந்துட்டேன்" என்பாள். சில நாள் அந்த ஒரு வார்த்தையோடு வைத்துவிடுவாள். நான் தினமும் எத்தனையோ பேரோடு எதையெதையோ பேசுகிறேன், பார்க்கிறேன், அனுப்புகிறேன். அவளுடைய போனுக்கு இருக்கிற வேலை அவ்வளவுதான்.

இப்போது அண்ணன் நெடுந்தூர லாரியை விட்டுவிட்டான். உள்ளூர் குடோன் ஒன்றில் மினி வேன் ஓட்டுகிறான், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். மதினி அதே ஆலைக்குத்தான் போகிறாள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனும் நானும் எங்கள் அம்மாவின் மருந்து மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவனுடைய சட்டைப்பையில் போன் அடித்தது. பேச்சைப் பாதியில் நிறுத்தி எடுத்தான். "ம்" என்று ஒரு முறை, "சரி, வா" என்று ஒரு முறை. வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனான். மதினியின் வேன் வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறதே என்றேன். "அவ வந்து தூளெல்லாம் போக ஊத்திக் குளிக்கணும்லத்தா. பெரிய சட்டி, சூடாக நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை மொண்டு ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தான்.