வலது கையும் ஒரு குளிர்காலப் பாத்தியும்

டிசம்பர் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தக்காளிக்குத் தண்ணீர் விடப் போகிறேன் என்று போனில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. அரபு நாடு என்றால் வருடம் முழுக்க வெயில்தான் என்பது அவள் எண்ணம். உண்மையில் இங்கே அல் அய்னில் குளிர்தான் விளைச்சல் காலம். கோடையில் நிழல்வலைக்குள் வைத்த கீரைகூடக் கருகிவிடும். அக்டோபர் கடைசியில் விதை போட்டால் மார்ச் வரைக்கும் முள்ளங்கி, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, தக்காளி எல்லாம் வரும். விடிகாலைப் பனிமூட்டத்தில் ஒட்டகப் பண்ணைகளைத் தாண்டி, கார் விளக்கைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவோம். ஊரில் அடைமழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிற மாதங்களில் நாங்கள் இங்கே வெளியே வருகிறோம்.

நானோ என் கணவர் சேதுவோ விவசாயம் பார்த்தவர்கள் இல்லை. நான் அம்பத்தூரில் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் வளர்ந்தவள். இங்கே ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் வேலை. சேது கரூர்க்காரர், பதினொரு வருடமாக இங்கே வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். போன செப்டம்பரில் ஒரு காலை, டூட்டிக்குக் கிளம்பியவர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். லேஸ் விரலிலிருந்து நழுவியது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்விட்டதால் உயிரும் பேச்சும் தப்பின. வலது கை மட்டும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

கம்பெனி பிப்ரவரி கடைசி வரை லீவு கொடுத்தது. அதற்குள் வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் விசா ரத்து, ஊர் திரும்ப வேண்டியதுதான். பிசியோதெரபியில் பிசையச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். சேது அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, நாள் முழுக்கத் திரையை இழுத்துவிட்ட அறையிலேயே கிடந்தார். அவரை அந்த அறையிலிருந்து கிளப்பத்தான் நான் பாத்தி எடுத்தேன். அபு சாலிம் என்ற பெரியவர் தன் தோட்டத்தின் ஓர் ஓரத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, குளிர்காலத்துக்கு மட்டும் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார். நான்கு கட்டில் போடுகிற அளவு இடம் எங்களுக்குக் கிடைத்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ரஃபீக், வங்கதேசத்துக்காரர். அவருக்கும் எங்களுக்கும் இடையே உடைந்த ஹிந்திதான் பாலம்; அதில் சேது 'பாய்', அதாவது அண்ணன், நான் 'பாபி', அண்ணி.

முதல் இரண்டு வாரம் சேது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ரஃபீக் ஒரு பிடி வெந்தயத்தை அவரிடம் நீட்டினார். சேது இடது கையை நீட்டினார். ரஃபீக் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அந்தக் கை இல்ல பாய், இது," என்று வலது கையைக் காட்டினார். சேதுவின் முகம் சுருங்கியது. ஆனாலும் வாங்கினார். பாதி கீழே கொட்டியது. "கொட்டினா கொட்டட்டும், விதை மண்ணுலதானே விழுது," என்றார் ரஃபீக். இரண்டு மாதமாக நானும் டாக்டரும் கெஞ்சியும் நடக்காதது அன்று நடந்தது. பிறகு தக்காளி நாற்று நட்டபோது, வேரைச் சுற்றி மண்ணை அழுத்த அவருடைய வலது கட்டைவிரல் தானாக இறங்கியது. நான் குழாயை மூடப் போவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் அபு சாலிம் வந்தார். ரஃபீக் உரம் வாங்கப் போயிருந்தார். பெரியவர் எங்கள் பாத்தியை ஒரு சுற்று சுற்றி வந்தார், தக்காளியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கைத்தடியால் பாத்தியின் மூலையில் ஒரு வட்டம் போட்டு, "ஹினி, கலாஸ்," என்றார். 'இங்கே, முடிந்தது.' இந்த ஊரில் வந்து இறங்கிய வாரமே எல்லோரும் கற்றுக்கொள்கிற சொல் கலாஸ். அவர் சிரித்துத் தலையசைத்துவிட்டு வண்டி ஏறினார்.

மறுநாள் காலை நான் சேதுவைக் கூப்பிட்டபோது, "நீ போய்ட்டு வா வித்யா. அவங்க இடம், அவங்க கேக்கறாங்க," என்றார். திரை மறுபடி இழுத்துவிடப்பட்டது. மூன்றாம் நாள், இருந்த காய்களையாவது பறித்துவிட்டு இடத்தைக் காலி செய்துவிடலாம் என்று தனியாகப் போனேன். நான் செடிகளைப் பிடுங்குவதைப் பார்த்து ரஃபீக் ஓடி வந்தார்.

"என்ன பண்றீங்க பாபி?"

"பெரியவர் கலாஸ்னு சொல்லிட்டாரு."

ரஃபீக் சற்று யோசித்தார். பிறகு பாத்தியின் ஓரத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாபி, கலாஸ்ங்கறது பேரீச்சை. அந்த ஜாதிக்கு அதுதான் பேரு. அந்த மூலையில ஒரு கன்னு வைக்கணும்னு எங்கிட்டயும் சொன்னாரு. தண்ணி விட்டுப் பாத்துக்க பாய் இருக்காரேன்னு உங்க பாத்தியைக் கேட்டாரு."

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சேதுவுக்குப் போன் போட்டுச் சொன்னதும், "நீ எத்தன செடி புடுங்குன?" என்றார் சேது. "நாலு," என்றேன். "வேற எதையும் தொடாத, நான் வரேன்." டாக்ஸி பிடித்து, வலது காலிலும் இடது காலிலும் வேறு வேறு செருப்போடு வந்தார். அந்த வெள்ளிக்கிழமை அபு சாலிம் ஓலைகளைச் சேர்த்துக் கட்டிய கன்றைக் கொண்டுவந்தார். ரஃபீக் குழி எடுத்தார். சேது இரண்டு கைகளாலும் கன்றைப் பிடித்துக்கொள்ள, பெரியவர் மண்ணைத் தள்ளினார். காய்க்க நான்கைந்து வருடம் ஆகுமாம். எங்கள் விசா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அதை அன்று யாரும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் மருத்துவப் பரிசோதனை. டாக்டர் சேதுவின் விரல்களை மடக்கச் சொன்னார், பென்சிலால் கோடு போடச் சொன்னார், நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்து ஏதோ கேட்க வந்து விட்டுவிட்டார். வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே சேது கவுண்டரில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். வலது கையால். இப்போதைய முகவரிக்கு ஒரு கட்டம், நிரந்தர முகவரிக்கு ஒரு கட்டம். கவுண்டரில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் அவர் சிரமத்தைப் பார்த்து, ஒன்று எழுதினால் போதும் சார் என்றாள். "இருக்கட்டும்மா," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவர் எழுதினார். மேலே அல் அய்ன், கீழே கரூர். இரண்டு முகவரியும் ஒரே நடுக்கத்தோடு, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.