அந்தக் கதையில் அம்மா இல்லை

புதுச்சேரியில் எங்கள் தெருவின் அன்பியக் கூட்டத்துக்கு நான் தவறாமல் போனதற்குப் பக்திதான் காரணமென்று பங்குச் சாமியார் நம்பினார். சுண்டல்தான் காரணமென்று அம்மாவுக்குத் தெரியும். வாரம் ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடி, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, மனசில் பட்டதைச் சொல்ல வேண்டும். மௌனத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து சுண்டல் குண்டானைத் தியானிப்பேன்.

எதை வாசிப்பதென்று சொல்லும் உரிமை அந்த வாரத்து வீட்டம்மாவுக்கு. எங்கள் வீட்டு முறை வந்தபோது அம்மா ஊதாரி மகன் கதையைச் சொன்னாள்; வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வந்ததும் தகப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிற கதை. வாசிக்கச் சொல்லி அப்பாவிடம் புத்தகத்தை நீட்டினாள். வந்திருந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். அப்பா பார்த்த பெண்ணை வேண்டாமென்றுவிட்டு, பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அண்ணன் பாரீசுக்குப் போனதும், அவன் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாதென்று அப்பா சொல்லிவிட்டதும் தெருவுக்கே தெரியும்.

அப்பா நல்ல குரலில், எங்கும் தடுக்காமல் வாசித்தார். மகனைத் தூரத்தில் கண்டதும் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற இடத்தைக்கூட.

மௌனம் முடிந்தது. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத அம்மா கேட்டாள்: "அப்பா ஓடுனாரு, சரி. அந்தப் புள்ளயோட அம்மா எங்க போனா? அவளப் பத்தி ஒரு வார்த்த இல்லியே."

கூட்டத்தை நடத்திய டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். அப்பா விடுவாரா? "சமையக்கட்டுல இருந்திருப்பா. அவ்ளோ பெரிய கன்னுக்குட்டிய யாரு ஆக்குறது?"

கூடமே சிரித்தது. பாயில் விழுந்து புரண்டு சிரித்தவன் நான். பெரியவனானதும் அப்பாவைப் போலப் பேச வேண்டுமென்று அங்கேயே வேண்டிக்கொண்டேன். என் வேண்டுதல்களில் அது ஒன்றுதான் பலித்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே சுண்டலைப் பரிமாறிவிட்டு உள்ளே போனவள், கடைசி ஜெபத்துக்கு வரவில்லை.

எல்லாரும் போனபின் குண்டானை வழிக்க அடுப்படிக்குப் போனேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "அப்பா எதுனா சொன்னாராடா?" என்றாள்.

"காரம் தூக்கலா இருக்காம்."

"அவ்ளோதானா?"

எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. நன்றாக யோசித்துவிட்டு, "தேங்கா பத்தலயாம்" என்றேன்.

அம்மா டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். அண்ணனை வரச்சொல்லி ஒரு வார்த்தை வருமா என்று அவள் காத்திருந்தது, அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாமல் இருந்தது.