பெரியப்பாவுக்குச் சொன்ன ஆறு எண்கள்

திருவானைக்காவலில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அருள்ராஜை இதுவரை எந்தத் திருடனும் ஏமாற்றியதில்லை. அவருடைய கணினியில் மூன்று ஆன்டிவைரஸ்கள் ஓடுகின்றன. அதனால் வேறெதுவும் ஓடுவதில்லை.

பன்னிரண்டு வருஷமாக ஸ்ரீரங்கம் வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு அவர்தான் ஆன்லைனில் விண்ணப்பம் போடுகிறார். எல்லோருக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டு: அவரவர் பெயர், பின்னால் 123. மறந்துவிட்டு வந்து நிற்பவர்களைச் சமாளிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பார். பெற்றவர்கள் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பதால் எல்லா விண்ணப்பத்திலும் தன் நம்பரையே கொடுத்துவிடுவார். ஓடிபி வந்தால் போனில் படித்துச் சொல்வார். ஆனால் கேட்பவர் யாரென்று விசாரிக்காமல் சொல்ல மாட்டார். அதில் கறார்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலைப் பூட்ட வேண்டிய கடைசி நாளன்று, அவர் விண்ணப்பம் போட்டுக்கொடுத்த யமுனா என்ற பெண்ணின் ஓடிபியைக் கேட்டு ஒரு போன் வந்தது. விசாரித்தார்.

"நான் அவ பெரியப்பா ரெங்கராஜ் பேசறேன்."

பெரியப்பா என்று ஒருவர் சொன்ன பிறகும் ஆதாரம் கேட்பது மரியாதையா? ஆறு எண்களையும் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை சொன்னார்.

பேசியவர் நிஜமாகவே பெரியப்பாதான். சிக்கலே அதுதான். திருவெறும்பூரில் ஃபேக்டரி வேலை பார்த்து ரிட்டையரானவர். மெக்கானிக்கலைத் தவிர மற்றதெல்லாம் படிப்பே இல்லை என்ற கொள்கை உடையவர். பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும், அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? யமுனா முதலிடத்தில் போட்டிருந்த விவசாயப் பொறியியலைத் தூக்கிவிட்டு, பட்டியல் முழுக்க மெக்கானிக்கலை நிரப்பி, பூட்டியும்விட்டார். வீட்டில் கேட்டதற்கு, சின்னப் பொண்ணு தெரியாமல் போட்டிருந்தாள், சரி பண்ணிவிட்டேன் என்றாராம்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே யமுனா வந்து நின்றாள்.

"ஏதாவது செய்ய முடியுமாண்ணே?"

அருள்ராஜ் சென்டர் போனில் உதவி எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மாணவியே ஓடிபி கொடுத்து உறுதி செய்திருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. நான்தான் அந்த மாணவி, நான் செய்யவில்லை என்றாள் யமுனா. அப்படியானால் அதை நிரூபிக்க ஓர் ஓடிபி அனுப்புகிறோம் என்றார்கள். அது அருள்ராஜின் சட்டைப்பையில் வந்து விழுந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாக முணுமுணுக்க, அவள் திருப்பிச் சொன்னாள்.

"சரிங்க, நீங்க யமுனாதான்னு உறுதியாயிடுச்சு. ஆனா நேத்து அஞ்சு மணியோட டைம் முடிஞ்சிருச்சுங்க. வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

யமுனா வேண்டாம் என்றாள்.