பின்பக்கக் கெமரா இல்லாத டெப்

என் மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய டெப்பில் என்னென்ன இல்லை என்பதை எனக்கு முதலில் சொன்னவர், மதுரங்குளிச் சந்தியில் போன் கடை வைத்திருப்பவர். விடுமுறையில் ஊருக்கு வந்த ஒருவரிடம் மகன் அதைக் கொடுத்துவிட்டிருந்தான். எங்கே அமத்தினால் உயிர் வரும் என்று தெரியாமல், சிலேட்டளவு இருந்த அதை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சிம் போட இடமில்லை என்றார். பக்கத்தில் இருப்பவரின் போனிலிருந்து டேட்டா வாங்கினால்தான் ஓடுமாம். டோர்ச் இல்லை. கோல் வந்தால் நடுங்கிக் காட்டும் வசதி இல்லை. பின்பக்கம் கெமரா இல்லை, முன்பக்கம் மட்டும் கடுகளவில் ஒன்று இருக்கிறது. பெட்டறி பழையது, எந்நேரமும் சார்ஜர் வயரோடுதான் வைத்திருக்க வேண்டும் என்றார்.

"நானா, இதுல இல்லாத சாமான் எல்லாத்தையும் சேர்த்தா இன்னொரு டெப் செய்யலாம்" என்றார், என்னை அண்ணன் முறை வைத்து.

அப்படியென்றால் இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் வேறொருவர் வந்துவிட்டார்.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியதற்குக்கூட வறுமை பாதிதான் காரணம். ஆசிரியர் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்ற பயம் மற்றப் பாதி. இப்போது பள்ளிவாசல்துறையில் படகுகளுக்கு ஐஸ் கட்டி உடைத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். இயந்திரம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால்தான் இத்தனை வருஷமும் அங்கேயே இருக்கிறேன். அந்த இயந்திரத்துக்கு ஒரேயொரு சுவிட்ச். அதில் என்ன இல்லை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

டெப் வந்தது பெண் பார்க்க. மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. கட்டாரில் கிரேன் ஓட்டுகிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் விடுமுறை. போன விடுமுறைக்கு முன் போட்டோ பார்த்து ஓர் இடத்துக்குச் சம்மதம் சொன்னான். வந்து இறங்கி நேரில் பேசியபோது, அந்தப் பிள்ளைக்கு இவனைப் பிடிக்கவில்லை, இவனுக்கும் அந்தப் பிள்ளையைப் பிடிக்கவில்லை. விடுமுறை முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனான். இனிமேல் பேசுகிற முகத்தைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த விடுமுறை நெருங்கிவிட்டது. அதற்குள் முடிவாகாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். இரண்டு வருஷத்தில் அவன் தலையும் என் வழுக்கைத் தலையைப் போல ஆகிவிடும் என்று என் மனைவி என் தலையைப் பார்த்தே சொல்வாள்.

மதுரங்குளிப் பக்கம் ஒரு பிள்ளை இருந்தது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, இதை விடக் கூடாது என்றாள். சிக்கல், பிள்ளையின் வாப்பா. முன்பு லொறி ஓட்டியவர். பிள்ளையின் போட்டோவை யாருக்கும் கொடுக்க மாட்டார். போனில் காட்டவும் விட மாட்டார். போன் கெமராவைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பின்பக்கக் கெமரா கள்ளனுடையது, ஏனென்றால் படம் பிடிப்பவன் தன் முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்தவன் முகத்தை எடுத்துக்கொண்டு போகிறான். முன்பக்கக் கெமரா நேர்மையானது, அதில் எடுப்பவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வான். லொறியின் பக்கக் கண்ணாடியைப் பல வருஷம் பார்த்துப் பார்த்து வந்த அறிவு என்று அவரே சொன்னார்.

எங்கள் டெப்பில் பின்பக்கக் கெமரா இல்லை என்று என் மனைவி சொன்னதும் அவர் சம்மதித்தார். கடைக்காரர் குறையென்று சொன்ன ஒன்று எங்களுக்குக் கதவைத் திறந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். அவர் டெப்பை வாங்கி, பின்பக்கத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. டேட்டாவுக்கு அவருடைய மகனின் போனைத் திறந்துவிட ஏற்பாடானது. அந்தத் தம்பி, தன் போனிலேயே நேராகப் பேசலாமே, படமும் நல்ல துலக்கமாக வரும் என்றார்.

"ஒன்ட போனுக்குப் பின்னுக்கு மூணு கண் இரிக்கிது" என்றார் பிள்ளையின் வாப்பா. "அதைக் கொண்டுபோய் அறைக்குள்ள வச்சிட்டு வா. டேட்டா அங்கயிருந்து வந்தா போதும்."

பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். டெப்பை மாப்பிள்ளையின் வாப்பாதான் பிடிக்க வேண்டும். அவர் முகமும் படத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது நேர்மையான படம்.

என் முகத்தை எங்கேயும் காட்டாமல் வாழ்வதற்குத்தான் இவ்வளவு காலமும் முயன்று வந்திருக்கிறேன். ஆனால் மறுத்துப் பேசுவதற்கும் பேச வேண்டுமே. டெப்பை வாங்கிக்கொண்டேன்.

வீட்டின் முன் மண்டபத்தில் ஒரு பிளக்தான், வாசல் சுவரில். அதன் பக்கத்தில் ஒரு கதிரையைச் சுவரைப் பார்த்துப் போட்டார்கள். எனக்குப் பின்னால், உள் அறைத் திரைக்கு முன் இன்னொரு கதிரை. அதில் பிள்ளை வந்து உட்கார்ந்தாள், பக்கத்தில் என் மனைவி. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் டெப்பை நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்தேன்.

டெப்பில் மகன் வந்தான். முழுப் படத்திலும் அவன். மூலையில் சின்னதாக ஒரு சதுரம், அதில் நான். நான் என்றால் நெற்றி, மூக்கு, வியர்வை. என் தோளுக்குப் பின்னால் ஒரு துண்டு முந்தானை. அந்தப் பிள்ளையை நான் உற்றுப் பார்ப்பது முறையில்லை, என்னை நானே பார்ப்பதும் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாப்பா, சுகமில்லையா?" என்று மகன் பயந்து கேட்டான். வீடே கலங்கியது. தண்ணீர் வந்தது. கண்ணைத் திறந்து, ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். நான் தலையாட்டியதில் டெப்பும் ஆடி, மகனுக்குத் தலை சுற்றியதாம்.

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "வாப்பா, எனக்கு ஒங்கட காதுதான் தெரியுது. காதக் கொஞ்சம் அங்கால எடுங்க."

காதை மட்டும் எடுக்க வழியில்லாததால் கழுத்தைச் சாய்த்தேன். அதைப் பார்த்த பிள்ளையின் வாப்பா, பெண் பிடிக்காமல் முகத்தைத் திருப்புகிறேனோ என்று என் மனைவியிடம் கேட்டார். இல்லை, மகனுக்கு இடம் விடுகிறார் என்று அவள் விளக்கினாள். நான் இன்னும் சாய்ந்தேன். வயர் இழுத்தது. கடைசியில் பாதி முகம் உள்ளே, பாதி வெளியே என்று ஒரு நிலை கிடைத்தது. பிள்ளையின் வாப்பா எட்டிப் பார்த்து, பாதி முகம் போதும் என்று ஒப்புக்கொண்டார்.

மகன் பல நாள் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டான். "நீங்க மீன் சாப்பிடுவீங்களா?"

"இந்தப் பக்கம் வேற என்ன இரிக்கிது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உள் அறையில் பெண்கள் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். போன தடவை அவன் ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை. இது சரிவரும் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன்.

அப்போது அவள் கேட்டாள். "நிக்காஹ் முடிஞ்ச பொறகு திரும்பவும் கட்டாருக்குப் போவீங்களா?"

மகன் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. கண்ணும் அசையவில்லை. யோசிக்கிறான் என்று எல்லோரும் காத்திருந்தோம். நல்ல கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் பிள்ளையின் வாப்பா. காத்திருக்கக் காத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது, ஒரு மனிதன் இவ்வளவு நேரம் வாயைத் திறந்துகொண்டு யோசிக்க மாட்டான். தம்பி அறைக்குள் போய்ப் போனைப் பார்த்துவிட்டு வந்து, டேட்டா முடிந்துவிட்டது என்றார். ரீலோட் போடச் சந்திக் கடைக்கு ஓடினார்.

என் கையில் வாய் திறந்த மகன்.

"மாமா" என்றாள் அந்தப் பிள்ளை. "அவர் வாறதுக்குள்ள நீங்க சொல்லுங்க. போவாரா?"

யாராவது என்னைப் பார்த்து இப்படிக் கேட்டிருந்தால் நான் எழுந்து வெளியே போயிருப்பேன். ஆனால் என் முன்னால் இருந்தது சுவர். சுவரில் ஒரு பிளக், அதில் எங்கள் வயர். சுவருக்குப் பதில் சொல்வது கஷ்டமாகத் தெரியவில்லை.

"போவான் மகள்" என்றேன். "ஒவ்வொரு முறையும் இனிப் போக மாட்டேன்டுதான் சொல்லுவான். பொய் இல்ல. சொல்லுற நேரம் அவனுக்கே அது உண்மைதான். ஆனா அவனுக்குத் தெரிஞ்ச வேல கிரேன் ஓட்டுறது. நம்மட பக்கம் கிரேன் எங்க இரிக்கிது? வீட்டுக்குப் பின்பாதிக்கு இன்னும் ஓடு போடல்ல. அது முடியும் வரைக்கும் போவான்."

என் மனைவி பின்னால் பலமாக இருமினாள். சுவர் இருமவில்லை, அதனால் நான் நிறுத்தவில்லை. அவனுக்குக் கோபம் குறைவு, பிடிவாதம் கூட என்றேன். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு அலுத்துப்போனவன் என்றேன். போன தடவை முகட்டைப் பார்த்துப் படுத்திருந்ததையும் சொன்னேன். நான் அவ்வளவு பேசி அந்த வீட்டில் மட்டுமல்ல, எங்கள் வீட்டிலும் யாரும் கேட்டதில்லை.

ரீலோட் வந்து சேர்ந்திருக்க வேண்டும், அப்போது மகன் அசைந்தான். அவனுக்கு நாங்கள் நின்றுபோனது தெரியாது, அந்தப் பக்கத்தில் அவன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். "...அதனால போக மாட்டேன். ஊரோடயே ஏதாவது செஞ்சுக்குவேன்" என்று முடித்தான்.

எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். வாப்பா போவான் என்கிறார், மகன் போக மாட்டேன் என்கிறான், இதில் யாருக்குப் பிள்ளையைக் கொடுப்பது என்று பிள்ளையின் வாப்பா கேட்டார். கேள்வி நியாயமானது.

கதிரை நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மாமா நீங்க போவீங்கண்டு சொன்னார்" என்றாள் மகனிடம்.

"வாப்பா சொன்னாரா?" என்றான் அவன். "வாப்பாவா கதைச்சார்?"

படத்தில் அவன் நேராக என்னைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. மூடவில்லை. அவன் தலையைச் சொறிந்தான், முன்பக்க முடி ஏற்கெனவே ஐதாகத்தான் இருந்தது.

"ஓம். போவேன்" என்றான். "இன்னும் ரெண்டு தரம். ஓடு போட்டு முடியும் வரைக்கும்."

"அப்ப சரி. ரெண்டு தரமெண்டா ரெண்டு தரம்தான். நானும் பாலர் பாடசாலைக்குப் போறதை நிப்பாட்ட மாட்டேன்."

"நிப்பாட்ட வேணாம்."

"மொதல்ல சொன்னதையே நீங்க சொல்லிட்டு இருந்திருந்தா, நான் வேணாண்டு சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு என்னிடம் கை நீட்டினாள். "தாங்க மாமா. கை நோகும்."

எழுந்து கதிரையைக் கொடுத்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டெப்பைப் பிடித்தாள். மூலையில் இருந்த சதுரத்தில் அவளுடைய முகம் சரியாகப் பொருந்தியது. கழுத்தை எங்கும் சாய்க்கத் தேவைப்படவில்லை. நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்று பார்த்தோம்.

"வாப்பா" என்றான் மகன். "நீங்க எல்லாரும் தெரியுறீங்க. கொஞ்சம் அங்கால போங்களேன்."

அந்தப் பின்னேரம் முழுக்க யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். முதல் ஆளாக வெளியே வந்தேன். முற்றத்தில் என் மனைவி எனக்கு முன்னால் வந்து நின்று, அவ்வளவு கதை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாள். முன்னால் நின்று கேட்டதால் நான் குனிந்து செருப்பைத் தேடினேன். உள்ளே இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். நிக்காஹுக்கான திகதியை அன்றைக்கே பேசி முடித்தார்கள். அதில் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.